கேம்பர் வேனில் புரொப்பேன் குளிர்சாதனப் பெட்டி: முதுகுப்புறத்தில் கற்ற பாடங்கள்

பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, வாரக்கணக்கில் அதிலேயே தங்கிப் பயணம் செய்யத் தொடங்கிய முதல் கோடையில், எங்களை அதிகம் அலைக்கழித்தது எஞ்சினோ டயரோ அல்ல. சமையல் மேடைக்குக் கீழே இருந்த, புரொப்பேன் எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிதான். அதிகாலையில் கதவைத் திறந்தால் உள்ளே ஜில்லென்று இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்தால் பால் திரியும் நிலைக்கு வந்திருக்கும். வெண்ணெய் குழைந்து கிடக்கும். குமிழைக் கடைசி எண் வரை திருப்பிப் பார்த்தோம், பொருள்களைக் குறைத்துப் பார்த்தோம், பனிக்கட்டிப் பைகளை அடுக்கியும் பார்த்தோம். பெட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று நானாகவே தீர்ப்பு எழுதி, புதிய பெட்டிக்கான இடத்தை அளந்து குறித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டேன்.

குளிர்சாதனப் பழுதுபார்ப்பில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அந்தச் சமயத்தில் வேனுக்கு வந்தார். நான் பெட்டிக்குள் தலையை நுழைத்துத் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், இது குளிர்ச்சியைத் தயாரிக்கிற பெட்டி இல்ல, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டற பெட்டி. கொட்டற இடம் பின்னாடி இருக்கு. நீங்க முன்னாடி என்னத்தைத் தேடறீங்க?" என்றார். அதன் பிறகு நான் செய்த எல்லா வேலைகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவைதாம்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கம்பிரஸர் இருக்கும். புரொப்பேனில் இயங்கும் பெட்டியில் அது கிடையாது. அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. சுவீடனில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் 1922-இல் உருவாக்கிய இந்த உறிஞ்சல் முறை, அடிப்படையில் இன்றும் அப்படியே இருக்கிறது. வெல்டிங் செய்து மூடிய எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் அடைபட்டிருக்கின்றன. கீழே எரியும் சிறு சுடர், அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்குகிறது. அதில் எழும் குமிழிகள் ஒரு மெல்லிய குழாயின் வழியே நீரையும் தூக்கிக்கொண்டு மேலேறுகின்றன. பிரிந்த அம்மோனியா ஆவி, பெட்டியின் பின்புற உச்சியிலுள்ள தகட்டு மடிப்புகளில் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அத்திரவம் உட்புறக் குழாய்க்கு இறங்கி ஹைட்ரஜனோடு கலக்கும்போது அதன் பகுதி அழுத்தம் சரிவதால், தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகி, பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு கீழ்ச்சுருளில் அம்மோனியாவை நீர் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் விடுபட்டு மேலே போகிறது. அந்த உறிஞ்சலிலும் வெப்பம் வெளிப்படுகிறது.

கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பாலும் கால் பங்குக்கும் குறைவாகத்தான் குளிர்ச்சியாகத் திரும்பக் கிடைக்கும். சுடர் கொடுக்கும் வெப்பம், உள்ளிருந்து எடுத்த வெப்பம் ஆகிய இரண்டும் கடைசியில் பெட்டியின் பின்புறத்திலிருந்தே வெளியேறியாக வேண்டும். அங்கே காற்று தேங்கினால் அம்மோனியா சரிவரத் திரவமாகாது. திரவமாகாவிட்டால் சுடரை எவ்வளவு ஏற்றினாலும் குளிராது. குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பியபோதெல்லாம் நான் அந்தத் தேக்கத்தில் மேலும் வெப்பத்தைத்தான் கொட்டியிருக்கிறேன்.

எதையும் கழற்றும் முன் நான்கு நாட்கள் அளவெடுத்தேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து. ஒரு வெப்பமானியை நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் வைத்தேன். கதவைத் திறந்ததும் காற்றின் வெப்பநிலை தாவிவிடும், தண்ணீரின் வெப்பநிலை தாவாது. இன்னொன்றை வெளியே நிழலிலும், மூன்றாவதைப் பின்புறத் தகட்டு மடிப்புகளுக்கு மேலும் பொருத்தினேன். அதிகாலை மூன்று மணிக்கு வெளியே 19 டிகிரி செல்சியஸ், உள்ளே 4. பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே 34, உள்ளே 15; அதே வேளையில் பெட்டியின் பின்னால் தேங்கிய காற்று 58 டிகிரி. இந்தப் பெட்டியில் சுடருக்குப் பதிலாக, வீட்டு மின்சாரத்திலோ வேனின் 12 வோல்ட்டிலோ சூடேறும் கம்பிச்சுருளும் உண்டு. எனவே பிறகு எரிவாயுவை மூடிவிட்டு, இரண்டு நாட்கள் வீட்டு மின்சாரத்தில் ஓட்டினேன். பிற்பகலில் உள்ளே 14 டிகிரி.

எளிதாகச் செய்யக்கூடிய இந்த ஒப்பீடு பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது. மின்சாரத்தில் நன்றாகக் குளிர்ந்து எரிவாயுவில் குளிரவில்லை என்றால் பர்னர், ஜெட் (எரிவாயு பீறிடும் சிறு துளையுள்ள பாகம்), புகைக்குழாய், ரெகுலேட்டர் ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் காற்றோட்டம், கதவு ரப்பர், வேன் நிற்கும் மட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவையும் சரியாக இருந்தால்தான் குளிரூட்டும் குழாய்த் தொகுதியே பழுதா என்ற கேள்வி வர வேண்டும். என் பெட்டி இரவில் 4 டிகிரி வரை இறங்கியதால் குழாய்த் தொகுதி நன்றாகவே இருந்தது. வெளியே வெயில் ஏறும்போது மட்டும் தோற்றது என்றால், குற்றவாளி காற்றோட்டம்.

வேனின் பக்கச் சுவரில் பெட்டிக்காகக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுத் துளைச் சட்டங்கள் இருந்தன. கீழ்ச்சட்டத்தின் வழியே குளிர்ந்த காற்று நுழைந்து, தகட்டு மடிப்புகளை உரசிச் சூடாகி, மேற்சட்டத்தின் வழியே வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. எரிவாயுவை அடைத்து, பெட்டியை மின்சாரத்தில் ஓடவிட்டு, கீழ்ச்சட்டத்தின் அருகில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, மேற்சட்டத்தைக் கழற்றிய இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். புகை உள்ளே இழுபட்டது உண்மைதான். ஆனால் அது தகடுகளின் பக்கமே போகவில்லை. தகடுகளுக்கும் வேன் சுவருக்கும் நடுவே இருந்த நான்கு விரற்கடை இடைவெளியில் சுவரோடு ஒட்டியே ஏறி, மேற்சட்டத்தையும் தாண்டி, சமையல் மேடையின் அடிப்பலகைக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறுமையாக இருந்த பொந்தில் போய்ச் சுழன்றுகொண்டே நின்றது. அந்தப் பொந்திலிருந்துதான் 58 டிகிரி வந்திருக்கிறது. தகடுகளின் மேல் ஒட்டியிருந்த தூசியோ, கம்பளி போர்த்தியதுபோல் படிந்திருந்தது.

முதலில் தூசியை மென்தூரிகையால் தள்ளி உறிஞ்சு கருவியால் எடுத்தேன். பிறகு மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, பெட்டியின் பின்புற மேல்விளிம்பிலிருந்து மேற்சட்டத்தின் மேல்விளிம்பு வரை சரிவாக வளைத்துப் பொருத்தி, அந்தப் பொந்தை அடைத்தேன். மேலேறும் சூடான காற்றுக்கு இனி வெளியே போவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு தகட்டை வேன் சுவரின் உட்புறத்தில், மடிப்புகளுக்கு நேராக, இடையில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் மட்டும் விட்டு நிறுத்தினேன். சுவரோடு ஒட்டி நழுவிப்போன காற்று இதனால் மடிப்புகளின் நடுவே திருப்பிவிடப்படுகிறது. பக்கவாட்டு இடைவெளிகளையும் அடைத்தேன். புகைக்குழாய்க்கு அருகில் நுரைப்பஞ்சு, பிளாஸ்டிக் போன்றவற்றை வைக்கக் கூடாது என்பதால், அங்கெல்லாம் உலோகத் தகட்டையும் உயர்வெப்பம் தாங்கும் பட்டையையும் மட்டுமே பயன்படுத்தினேன். ஒரு விசிறியும் இல்லாமல், வெறும் தகடு வளைத்ததற்கே, 34 டிகிரி வெயிலில் உள்ளே 15 என்று இருந்தது 10-க்கு இறங்கியது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாயம் இதுதான். பலர் இதை விட்டுவிட்டு நேராக விசிறி வாங்கப் போகிறார்கள். காற்றுக்குப் பாதை இல்லாத இடத்தில் விசிறி வைத்தால், அது அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கலக்கும்.

விசிறியில் நானும் சறுக்கினேன். 120 மில்லிமீட்டர் அளவுள்ள, கணினிகளில் பயன்படும் 12 வோல்ட் விசிறிகள் இரண்டை வாங்கி, கீழ்ச்சட்டத்தின் உட்புறத்தில் மேல்நோக்கி ஊதும்படி வைத்தேன். அன்று மாலை வரை பிரமாதமாக வேலை செய்தது. மறுநாள் காலை பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. பர்னர் இருப்பது கீழேதான். விசிறிக் காற்றில் சுடர் சாய்ந்து அணைந்திருக்கிறது. சுடரின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் குளிர்ந்ததும் வால்வு தானாக மூடிக்கொண்டதால் எரிவாயு கசியவில்லை. அந்த மட்டில் தப்பித்தோம். பிறகு விசிறிகளை மேலே, மடிப்புகளைத் தாண்டியதும், வெளிப்புறமாக இழுக்கும்படி மாற்றினேன். மடிப்பு ஒன்றில் 45 டிகிரியில் இணைந்து, சூடு தணிந்ததும் துண்டிக்கும் சிறிய வெப்பச் சுவிட்சு ஒன்றையும் ஒட்டினேன். இரண்டு விசிறிகளும் சேர்ந்து 5 வாட்டுக்கும் குறைவாகவே எடுப்பதால் பேட்டரிக்குப் பாரம் இல்லை. இரவில் தாமாக நின்றுவிடுவதால் இரைச்சலும் இல்லை. மின்சாரத்தில் உள்வெப்பநிலை 7-க்கு வந்தது. எரிவாயுவில் 9-லேயே நின்றது.

காற்றோட்டம் மோசமாக இருந்தவரை மறைந்திருந்த இந்த இரண்டு டிகிரி வித்தியாசம், பர்னரைப் பார் என்று சொல்லிற்று. சிலிண்டரை மூடி, எல்லாம் ஆறிய பிறகு, பர்னரின் முன்மறைப்பைக் கழற்றினேன். சுடர் அதுவரை நுனியில் மஞ்சளாக அசைந்துகொண்டிருந்ததன் காரணம் கண்ணெதிரே கிடந்தது: பர்னரின் பிளவுகளின் மேல், புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருச் செதில்கள் மிளகளவில் குவிந்திருந்தன. புகைக்குழாயின் உள்ளே ஒரு கம்பியில் தொங்கும் சுருள் தகடு இருக்கும். வெப்பக் காற்று அவசரமாக வெளியேறிவிடாமல் சுழன்று குழாயைச் சூடாக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். பர்னரை ஈரத்துணியால் மூடிவிட்டு, அந்தச் சுருளை மேலே உருவியபோது, கையெல்லாம் கரி. குழாயை நீண்ட தூரிகையால் மேலிருந்து தேய்த்து, கீழே விழுந்ததைத் துடைத்து, சுருளை இருந்த உயரத்திலேயே தொங்கவிட்டேன். உயரம் மாறினால் திறனும் மாறும் என்பதால் கழற்றும் முன்பே கம்பியில் ஓர் அடையாளம் இட்டிருந்தேன்.

ஜெட் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை யாரும் செய்ய வேண்டாம். எரிவாயு பீறிடும் அந்தத் துளை முடிக்கனமே இருக்கும். அடைப்பாக இருக்குமோ என்று ஊசியால் குத்தினேன். துளை பெரிதாகி, எரிவாயு கூடுதலாக வந்து, சுடர் முன்னைவிட மஞ்சளாகி, கரி இன்னும் வேகமாகப் படிந்தது. அந்தப் பெட்டிக்கே உரிய எண்ணுள்ள புதிய ஜெட்டை வாங்கிப் பொருத்திய பிறகுதான் நிமிர்ந்த நீலச் சுடர் வந்தது. ஜெட்டைச் சுத்தம் செய்வதென்றால் ஆல்கஹாலில் ஊறவைத்துக் காற்றால் ஊதி உலர்த்துவது மட்டுமே சரி. மீண்டும் பொருத்தியதும் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைத்தேன். எரிவாயு அழுத்தத்தையும் தொழிலறிந்தவரைக் கொண்டு அளந்து பார்த்தேன். இவ்வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 28 அல்லது 30 மில்லிபார் வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியும்போதும் அது சரியக் கூடாது. எனக்குச் சரியாகவே இருந்தது. குளிர்ப்பகுதிகளில் பயணம் செய்பவர்கள் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனா, பியூட்டேன் அதிகமுள்ள கலவையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனோ உறைநிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும்.

மட்டம் பற்றி நண்பர் முதல் நாளே சொன்னார்; நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெட்டியில் திரவங்கள் புவியீர்ப்பினால் மட்டுமே திரும்பி வருகின்றன. வேன் சாய்ந்து நின்றால் அவை ஏதாவதொரு வளைவில் தேங்கிவிடும். கொதிகுழாய்க்கு நீர் வராமல் அது வறண்டு காயும். துருவைத் தடுக்க நீரில் கரைத்திருக்கும் சோடியம் குரோமேட் அப்போது படிகமாகி மெல்லிய குழாயை அடைத்துவிட்டால், பிறகு எதுவும் செய்வதற்கில்லை. ஒருநாள் சரிவான இடத்தில் இரவு தங்கினோம். காலையில் உள்ளே 11 டிகிரி. வேனைச் சமதளத்துக்கு மாற்றிய அன்று மாலையே 5. அந்த ஒரு முறை சேதமில்லாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். பல பழைய பெட்டிகளுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரிச் சாய்வும் முன்பின்னாக 6 டிகிரிச் சாய்வும்தான் எல்லை. அதன் பிறகு பெட்டியின் உட்தளத்தில் ஒரு சிறிய ரசமட்டத்தை நிரந்தரமாக ஒட்டிவைத்தேன்; வேனின் தரையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் எங்கள் வேனின் தரையே பெட்டியோடு ஒத்துப்போகவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஆப்புக்கட்டைகள் இரண்டு இப்போது எப்போதும் எங்களிடம் உண்டு. ஓடும்போது வேன் அங்குமிங்கும் ஆடினாலும் திரவம் தேங்காமல் கலைந்துகொண்டே இருப்பதால் பயணத்தில் இந்தக் கவலை இல்லை. நிறுத்தும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

ஓட்டத்தின்போது 12 வோல்ட்டில் பெட்டி குளிர்வதே இல்லை என்று பலர் புலம்புவதற்கு ஒல்லியான கம்பிதான் பெரும்பாலும் காரணம். சூடேற்றும் கம்பிச்சுருளின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10.5 மட்டுமே வந்தால் ஏறக்குறைய 23 சதவீதத் திறன் போய்விடும். பெட்டியின் முனையிலேயே, அது ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பார்த்து, தடித்த கம்பியாக மாற்றினேன். எஞ்சின் நின்றதும் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும் ரிலேயும் அவசியம். இல்லாவிட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் இந்தப் பெட்டி ஓரிரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

பெட்டிக்குள் செய்யும் வேலைகளில் பலன் சிறிதுதான், ஆனால் உண்டு. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன்; கீழ் மூலையில் தாள் தடையில்லாமல் வந்தது. அங்கே ரப்பரை வெந்நீர்த் துணியால் இளக்கி நிமிர்த்தினேன். உள்ளிருக்கும் குளிர்தகட்டில் படியும் பனி சில மில்லிமீட்டரைத் தாண்டினால் அதுவே போர்வையாகிவிடுகிறது; கத்தியால் சுரண்டாமல் பெட்டியை நிறுத்தி உருகவிட வேண்டும். தகட்டை ஒட்டிப் பொருள்களை அடுக்காமல் காற்று இறங்க இடம் விட வேண்டும். எங்கள் வீட்டில் நடைமுறைக்கு வரச் சற்றே சிரமப்பட்ட விதி வேறு: சூடான எதையும் உள்ளே வைக்கக் கூடாது. 30 டிகிரியிலுள்ள இரண்டு லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர 210 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 30 வாட் வேகத்தில் வெப்பத்தை இழுக்கும் சிறு பெட்டிக்கு, வேறெந்தச் சுமையும் இல்லாவிட்டாலும், அதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கை என் மனைவியிடம் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு, கிளம்புவதற்கு முந்தைய நாளே பெட்டியை வீட்டு மின்சாரத்தில் குளிரவைப்பதும், வீட்டில் குளிர்ந்த பொருள்களை மட்டுமே ஏற்றுவதும் அவர் பொறுப்பாயிற்று. என்னைவிடக் கறாராக அதைச் செய்கிறார்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெட்டியின் பின்புற அறை, தூங்கும் இடத்திலிருந்து முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும். நான் தகடு பொருத்தியபோது பழைய அடைப்பு ஒன்று விரிசல் விட்டிருந்ததைக் கண்டேன், அந்த வழியாக எரிந்த வாயு உள்ளே வந்திருக்கக்கூடும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அன்றே மாட்டினேன். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அதற்கான கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டி வைத்திருக்கிறேன். எரிபொருள் நிலையத்துக்குள் நுழையும் முன்பே சுடரை அணைத்து, சிலிண்டரின் வால்வையும் மூடிவிடுவோம். பெட்டியிலிருந்து அம்மோனியா நெடி வந்தாலோ, பின்புறக் குழாயில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, குழாய்த் தொகுதி ஓட்டையாகிவிட்டது என்று பொருள். அப்போது எல்லாவற்றையும் நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். தூரிகையும் தகடும் அதற்கு உதவாது.

இப்போதைய நிலவரம்: வெளியே 34 டிகிரி இருக்கும் பிற்பகலில், எரிவாயுவில், தம்ளர் தண்ணீர் 6 டிகிரி காட்டுகிறது. 38-ஐத் தாண்டும் நாட்களில் 8, 9 என்று ஏறிவிடும்; விரைவில் கெடும் உணவை அப்படிப்பட்ட நாட்களில் வாங்குவதில்லை. 1500 மீட்டருக்கு மேலே மலையில் தங்கினால் காற்று மெலிந்து சுடர் தடுமாறுவதால், மின்இணைப்பு கிடைக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துகிறோம். மற்ற இடங்களில், வேனை நிறுத்தும்போது காற்றுத் துளைச் சட்டங்கள் உள்ள பக்கம் மேற்கு வெயிலைப் பார்க்காதபடி திருப்பி நிறுத்துகிறேன். அதற்காக ஒரு நிழல் மரத்தைச் சுற்றி மூன்று முறை வேனை முன்னும் பின்னும் எடுப்பதைப் பார்ப்பவர்கள், எனக்கு வண்டி நிறுத்தத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.